ஸ்ட்ரோக் ஸ்கேல் சர்டிஃபிகேட் எல்லார்கிட்டயும் இருக்கு, ஆனா பெட்சைடுல ஸ்கோர் ஆளுக்கு ஒண்ணா வருது, எப்படி ட்ரெய்ன் பண்றது?

வார்டு_இன்சார்ஜ்:
வணக்கம் எல்லாருக்கும். ஸ்ட்ரோக் பேஷண்ட்டை அசெஸ் பண்ண ஸ்டாஃபுக்கு ட்ரெய்னிங் குடுக்குற வேலை இப்ப என் தலையில. எல்லாரும் என்ஐஹெச் ஸ்ட்ரோக் ஸ்கேல் (ஸ்ட்ரோக் எவ்ளோ தீவிரம்னு ஐட்டம் ஐட்டமா பாயிண்ட் போட்டு பாக்குறது, பாயிண்ட் ஏற ஏற மோசம்) ஆன்லைன் கோர்ஸ் பாத்து வீடியோ கேஸ் எல்லாம் ஸ்கோர் பண்ணி சர்டிஃபிகேட்டும் வாங்கிட்டாங்க. ஆனா நேர்ல பேஷண்ட் முன்னாடி நின்னா ஒருத்தங்க 6ன்னு எழுதுறாங்க, ட்யூட்டி மாறி அடுத்து வர்றவங்க 10ங்குறாங்க. 4 பாயிண்ட் ஏறுச்சுன்னா பேஷண்ட் மோசமாகுறார்னு டாக்டரக் கூப்புட்டு திரும்ப சிடி எடுக்கலாமான்னு பேசுற இடம் இது, அங்க போயி ஏறுனது பேஷண்ட்டுக்கா இல்ல ஆள் மாறுனதாலயான்னு தெரியலன்னா என்னத்த சொல்றது. வீடியோவ இன்னொரு தரம் பாருங்கன்னு சொல்றதுல பிரயோஜனம் இருக்குற மாதிரி தெரியல. நீங்கல்லாம் எப்படி சொல்லிக்குடுக்குறீங்க?

நரம்பு_ரெசிடெண்ட்:
மேடம், டோட்டல பாத்து சண்டை போட்டா விடை வராது, எந்த ஐட்டத்துல பிரியுதுன்னு பாருங்க. பெரும்பாலும் முகம், அட்டாக்ஸியா (கை கால் அசைவுல வர்ற தடுமாற்றம்), பேச்சு குழறல் இந்த மூணுலதான் பிரியும், ஆராய்ச்சிலயும் ஆளுக்கு ஆள் ஒத்துப்போகாத ஐட்டம்னு இதுங்க பேர்தான் அடிக்கடி வரும்.

அட்டாக்ஸியால நான் அடிக்கடி பாக்குறது: கை சுத்தமா வரல, மூக்கைத் தொட முடியல, உடனே 1 போட்டுடுவாங்க. ரூல் அது இல்ல. இருக்குற பலவீனத்துக்கு மீறி தடுமாற்றம் இருந்தாதான் பாயிண்ட். கை கால் விழுந்துருந்தாலோ சொல்றதே புரியலன்னாலோ 0தான், ஏன்னா பலவீனத்துக்கு ஏற்கனவே பாயிண்ட் குடுத்தாச்சு.

அடுத்தது கை காலத் தூக்கிப் பிடிக்கிறது. கை உக்காந்திருந்தா 90 டிகிரி, படுத்திருந்தா 45, 10 செகண்ட். கால் எப்பவும் படுக்க வச்சு 30 டிகிரி, 5 செகண்ட். வாய்விட்டு எண்ணணும், மனசுக்குள்ள எண்ணுனா ராத்திரி 3 மணிக்கு 10 செகண்ட் 4 செகண்டாயிடும் 😄 கொஞ்சம் இறங்கி பெட்ட தொடாம நின்னா 1, புவியீர்ப்ப எதுத்து முயற்சி பண்ணியும் பெட்ல வந்து விழுந்தா 2, எதிர்ப்பே இல்லாம தொப்புன்னு விழுந்தா 3, அசைவே இல்லன்னா 4. இந்த 1க்கும் 2க்கும் நடுவுல தான் பாதிப் பேர் குழம்புறாங்க.

அப்புறம் மாசம், வயசு கேக்குற ஐட்டம். முதல் பதில்தான் கணக்கு. "கிட்டத்தட்ட கரெக்ட்"டுன்னாலும் தப்புன்னுதான் பாயிண்ட் போடணும், பக்கத்துல நிக்கிற சொந்தக்காரங்க எடுத்துக்குடுக்கவும் கூடாது. நல்ல மனசுள்ள நர்ஸ்ங்க தான் இதுல மாட்டுவாங்க, பாவம் பெரியவர்னு ரெண்டு தடவ கேட்டு சரியான பதில வரவச்சிடுவாங்க. பேஷண்ட் செஞ்சத எழுதணும், செய்ய முடியும்னு நாம நினைக்கிறத இல்ல.

எமர்ஜென்சி_அக்கா:
தம்பி சொன்னது சரி. நாங்க பண்றது என்னன்னா, ஸ்டேபிளா இருக்குற பேஷண்ட்டா பாத்து, அவங்க கிட்டயும் வீட்டுக்காரங்க கிட்டயும் கேட்டுட்டு, ஒருத்தர் எக்ஸாமின் பண்ணுவாங்க, மத்த ரெண்டு பேர் பேசாம பாத்து தனித்தனியா பேப்பர்ல எழுதுவாங்க. வெளிய வந்து ஐட்டம் ஐட்டமா ஒப்பிட்டு பாப்போம். யார் சரின்னு ஓட்டெடுப்பு கிடையாது, ஸ்கேல்ல என்ன எழுதிருக்குன்னு எடுத்து படிப்போம், அவ்ளோதான். ஹேண்டோவர்லயும் "ஸ்கோர் 4"ன்னு மொட்டையா சொல்ல விடுறதில்ல, "இடது கை 2, கால் 1, முகம் 1"ன்னு பிரிச்சு சொல்லணும். முடிஞ்சா போறவங்களும் வர்றவங்களும் ஒண்ணா நின்னு ஒரு தரம் பாத்துடணும், உங்க 6, 10 பிரச்சனை அங்கயே பாதி போயிடும்.

ஆனா மேடம், ஸ்கேலுக்கு முன்னாடி வர்றதயும் ட்ரெய்னிங்ல சேருங்க. முதல்ல சுகர் பாக்கணும், சுகர் இறங்குனாலும் ஸ்ட்ரோக் மாதிரியே கை கால் விழும். அப்புறம் நேரம். "எப்ப ஆரம்பிச்சுது"ன்னு கேட்டா வீட்டுக்காரங்க தாங்க பாத்த நேரத்த சொல்லுவாங்க. "கடைசியா நல்லா இருந்தத யார் எப்ப பாத்தீங்க"ன்னு கேக்கணும். தூங்கி எழுந்தப்ப கை வரலன்னா கணக்கு எழுந்த நேரத்துலருந்து இல்ல, படுக்கப்போனப்ப நல்லா இருந்த நேரத்துலருந்து. ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிக்கு வழக்கமா 4.5 மணி நேரம்தான்ங்கும்போது இந்த ஒரு கேள்வி தப்பானா மத்ததெல்லாம் வீண். இத ரோல்ப்ளே பண்ண வைங்க, ஒருத்தர் பதட்டத்துல இருக்குற மகன் மாதிரி நடிக்கட்டும், நல்லா வேலை செய்யுது.

தள்ளாட்டம்:
எல்லாம் சரி, ஆனா நம்பர் நம்பர்னு ஓடுறத பத்தி நான் கொஞ்சம் சண்டை போடணும். 42 பாயிண்ட்ல மொழி சம்பந்தப்பட்டது மட்டும் 7, ஒரு பக்கத்த கவனிக்காம விடுற நெக்லெக்ட்டுக்கு 2தான். அதனால வலது மூளைல அதே சைஸ் அடைப்பு வந்தாலும் ஸ்கோர் கம்மியா தெரியும், பேஷண்ட் நல்லா பேசுறாரேன்னு நாமளும் அசால்ட்டா இருப்போம். மூளையோட பின்பக்க ரத்தக்குழாய்ல வந்தா இன்னும் மோசம். தலைசுத்தல், வாந்தி, படுத்துருக்கும்போது கை கால் எல்லாம் பக்காவா இருக்கும், ஸ்கோர் 0. உக்கார வச்சா சாயுவார், நிக்க வச்சா விழுவார். ஸ்கேல்ல உடம்புத் தள்ளாட்டத்துக்கு ஐட்டமே கிடையாது! பாதுகாப்பா பிடிச்சுக்கிட்டு உக்கார வச்சு, நடக்க வச்சு பாக்குறத ட்ரெய்னிங்ல கட்டாயம் வைங்க, 0ன்னு வந்தா ஸ்ட்ரோக் இல்லன்னு அர்த்தம் கிடையாதுன்னு முதல் க்ளாஸ்லயே சொல்லிடுங்க.

வார்டு_இன்சார்ஜ்:
ரொம்ப நன்றி, சேர்ந்து நின்னு பாக்குறத இந்த வாரமே ஆரம்பிச்சிடுறேன். இன்னொரு சந்தேகம். பேச்சே வராத, நாம சொல்றதும் புரியாத பேஷண்ட்டுக்கு எப்படி போடுறது? எங்காளுங்க பாதி ஐட்டத்த "டெஸ்ட் பண்ண முடியல"ன்னு விட்டுடுறாங்க.

நரம்பு_ரெசிடெண்ட்:
விடக் கூடாது மேடம். டெஸ்ட் பண்ண முடியலன்னு எழுதுறது கை கால் எடுத்தவங்க, மூட்டு அசையாம இறுகுனவங்க, மூச்சுக்குழாய்ல டியூப் போட்டவங்களுக்கு பேச்சு குழறல் ஐட்டம், இந்த மாதிரி சிலதுக்கு மட்டும்தான், காரணமும் எழுதணும். மொழி போன பேஷண்ட்டுக்கு மாசம் வயசு கேள்வியில 2. டியூப் போட்டதால மட்டும் பேச முடியலன்னா 1. கண்ண மூடு, கைய மடக்குன்னு சொல்றது புரியலன்னா செஞ்சு காட்டலாம், அத பாத்து செஞ்சா ஒத்துக்கலாம். கை கால் தூக்குறதுக்கும் சைகை காட்டலாம், குரல்ல அவசரம் காட்டி ஊக்கப்படுத்தலாம், ஆனா அங்க கிள்ளிப் பாக்கக் கூடாது. பார்வைக்கு கைய திடீர்னு கண்ணுகிட்ட கொண்டுபோனா இமைக்குறாரான்னு பாருங்க. உணர்ச்சிக்கு ஊசி முனை பட்டதும் முகம் சுளிக்கிறாரா, கைய இழுக்குறாரான்னு பாத்து போடலாம்.

விழுங்கல்_தெரபி:
சம்பந்தம் இல்லாதது மாதிரி இருக்கும், இருந்தாலும் சொல்றேன். அசெஸ்மெண்ட் ட்ரெய்னிங்னு போட்டு ஸ்கேலோட நிறுத்திடுறாங்க. விழுங்க முடியுதான்னு ஸ்க்ரீன் பண்ற வரைக்கும் வாய் வழியா எதுவும் கிடையாது, தண்ணியும் இல்ல, மாத்திரையும் இல்ல, அதையும் அதே செஷன்ல பழக்கிடுங்க மேடம்.