பெர்லினில் இன்டர்ன்ஷிப்: ஊர் பார்க்க ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள்

பெர்லினில் படித்துக்கொண்டே இன்டர்ன்ஷிப் செய்யப் போகிறவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: வாரம் முழுக்க அலுவலகம் போனால் ஊர் பார்க்க நேரம் இருக்குமா? இருக்கும். ஆனால் நம்மூர்ப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் பாதி நடக்காது. இங்கே ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் உட்பட அநேகமாக எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். வேலை நாள் மாலைகளில்தான் ஊரைச் சுற்ற வேண்டும்.

முதலில் காகித வேலையை முடித்துவிடலாம். உங்கள் பயிற்சி பாடத்திட்டத்தில் கட்டாயமானதா, நீங்களே விரும்பித் தேடியதா என்று பாருங்கள். கட்டாயம் என்றால் மாணவர் விசாவில் வேலை செய்ய அனுமதிக்கப்பட்ட வருடத்துக்கு 140 முழு நாள் கணக்கில் அது சேராது. ஆனால் குறைந்தபட்ச ஊதியம் கேட்கவும் முடியாது. விருப்பப் பயிற்சி அந்தக் கணக்கில் சேரும். ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும். 2026 ஜனவரி முதல் அது மணிக்கு 13.90 யூரோ. கையெழுத்துப் போடும் முன் இதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். சீனியர் அண்ணன் சொன்னார் என்று போகாதீர்கள். விதி 2024 மார்ச்சில் மாறியது, அதற்கு முன் 120 நாள்.

அலுவலகத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான் சொல்வேன்: மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்களோடு போங்கள். டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தாலும் அவர்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட இடைவேளை சட்டப்படியே உண்டு, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். (மீன்குழம்பை மட்டும் ஆபீஸ் மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், தயவுசெய்து.) வெளியே ஓட்டலுக்குப் போனால் அவரவர் பில் அவரவருக்கு. உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வர வேண்டியதும் நீங்கள்தான். மாலை ஐந்தரைக்கு எல்லாரும் கிளம்பினால் நீங்களும் கிளம்புங்கள். கூடுதல் நேரம் உட்கார்ந்தால் நல்ல பெயர் வரும் என்ற கணக்கு இங்கே அவ்வளவாகச் செல்லாது.

கிளம்பியாயிற்று, எங்கே போவது? காலத்தைப் பொறுத்தது. ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் வந்தவர்கள் கூரைக்கு அடியில் இருக்கும் இடங்களை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மைபாக்ஊஃபர் கால்வாயோரம் துருக்கியர் சந்தை நடக்கும். யூ8 சுரங்க ரயிலில் ஷோன்லைன்ஷ்ட்ராஸ நிறுத்தத்தில் இறங்கினால் நடை தூரம். வெண்டைக்காய், கத்தரிக்காய், பெரிய கட்டாகக் கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். மாலை ஆறை நெருங்கும்போது போனால் கடையைக் கட்டும் அவசரத்தில் பெட்டியோடு மலிவாகத் தள்ளிவிடுவார்கள். ஒரு பெட்டித் தக்காளியை ஒருவரே தீர்க்க முடியாது, அறைத் தோழரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்டாதீர்கள். சூலொகிஷர் கார்டனிலிருந்து அலெக்சாண்டர்பிளாட்ஸ் வரை போகும் 100ஆம் எண் நகரப் பேருந்தில் மாடியில் முன் இருக்கை பிடித்தால் அதே காட்சிகள்தான். பெர்லினின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே பயணச்சீட்டு அடங்கிவிடும். நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது என்று சும்மா ஏறிவிட வேண்டாம். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், அபராதம் 60 யூரோ. நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் கூரைக்குப் போவதும் இலவசம். ஆனால் முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். இரவிலும் திறந்திருப்பதால் வேலை முடித்துப் போகலாம்.

எனக்கு மிகப் பிடித்த மாலை நடை பெர்னவர்ஷ்ட்ராஸதான். நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவருக்கான நினைவிடத்தின் பெரும்பகுதி திறந்தவெளியில் இருக்கிறது, கட்டணம் இல்லை. 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி அரசு கிழக்கு, மேற்கு பெர்லினுக்கு நடுவே எல்லையை மூடியபோது இந்தத் தெருவின் வீடுகள் கிழக்கிலும் வாசலுக்கு முன்னால் இருந்த நடைபாதை மேற்கிலும் மாட்டிக்கொண்டன. கதவுகளை அடைத்த பிறகு மக்கள் சன்னல் வழியாகக் குதித்தார்கள். சந்தைக்குப் போகச் சொன்ன அந்த யூ8 ரயிலும் இதில் அகப்பட்டதுதான். இரண்டு முனைகளும் மேற்கில், நடுப்பகுதி மட்டும் கிழக்கின் அடியில். அதனால் ரோசன்டாலர்பிளாட்ஸ், அலெக்சாண்டர்பிளாட்ஸ் போன்ற நிலையங்களில் நிற்காமல், காவலர்கள் நிற்கும் இருட்டு மேடைகளைத் தாண்டி 28 வருடம் ஓடியது. சுவர் 1989 நவம்பர் 9 அன்று திறந்தது. இரண்டே நாளில் யானோவிட்ஸ்ப்ரூக்க நிலையத்தில் ரயில் மறுபடி நின்றது. இந்தக் கதைக்கென்று நோர்ட்பான்ஹோஃப் நிலையத்துக்குள்ளேயே ஒரு கண்காட்சி இருக்கிறது. மழை நாளுக்கு அது.

சனிக்கிழமை வீட்டு வேலைக்கு. துணி துவைப்பது, ஞாயிறுக்கும் சேர்த்துப் பால், பிரெட் வாங்குவது, காலி பாட்டில்களைக் கடையின் இயந்திரத்தில் போடுவது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வாங்கும்போது முன்பணமாகக் கட்டிய 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், அதைக் குப்பையில் எறிய மனசு வரக்கூடாது.

ஞாயிறன்று மிக்ஸி, வாக்குவம் கிளீனர் இரண்டையும் ஓய்வெடுக்க விடுங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டலாம். நீங்கள் வெளியே போங்கள். டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடப்பட்டு 2010இல் பூங்காவானது. ஓடுபாதையிலேயே சைக்கிள் ஓட்டலாம். வான்சேயிலிருந்து கிளாடோவுக்குப் போகும் எஃப்10 படகில் உங்கள் சாதாரணப் பயணச்சீட்டே செல்லும், இருபது நிமிட ஏரிப் பயணம். இதைச் சொன்னால் வருடக்கணக்கில் இங்கே இருப்பவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

கோயில் பற்றியும் ஒரு தங்கை கேட்டிருந்தார். பிரிட்ஸ் பகுதியில் ஈழத் தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, யூ7இல் ப்ளாஷ்கோஅலே நிலையம். பூசை நேரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், பயிற்சி முடிவில் சொய்க்னிஸ் (Zeugnis) என்ற பயிற்சிச் சான்றை எழுத்தில் வாங்காமல் வராதீர்கள். அடுத்த வேலைக்கு முதலில் கேட்பது அதைத்தான். கடைசி நாளில் கேட்டால் மேலாளர் விடுமுறையில் இருப்பார். இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.