குவார்ட்டர்பேக்கைப் பள்ளியிலேயே தேடிப் பிடிப்பது இன்னும் தேவையா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், மிக உயர்ந்த ஐந்து நட்சத்திர மதிப்பீடு பெற்ற பள்ளி மாணவர் ஒருவரைக் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரராக, சேர்த்துக்கொள்ளப் பயிற்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். ஆனால், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை 2022இல் பெற்ற கேலப் வில்லியம்ஸும் 2023இல் பெற்ற ஜேடன் டேனியல்ஸும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள். அப்படியிருக்க, பள்ளி அளவில் இவ்வளவு பாடுபடுவதில் பொருள் உண்டா?

மறுமொழி 1:
உண்டு என்றே உறுதியாகக் கருதுகிறேன். தற்காப்பில் ஒருவர் சோடைபோனால் மாற்றாளை இறக்கிச் சமாளித்துவிடலாம். குவார்ட்டர்பேக்கின் குறையை மறைக்க இடமில்லை, ஏனெனில் ஏறத்தாழ ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையிலிருந்தே தொடங்குகிறது. அவர் ஒரு கல்லூரியில் சேர்வதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டால், அவர் வீசும் பந்தைப் பிடிக்க விரும்பும் ரிசீவர்களும் பின்னாலேயே வருகிறார்கள். கிளெம்சன் பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். பள்ளியிலிருந்தே சேர்த்த டிஷான் வாட்சன் 2016 பருவத்திலும், டிரெவர் லாரன்ஸ் 2018 பருவத்திலும் அலபாமா பல்கலைக்கழக அணியைத் தேசிய இறுதியாட்டத்தில் வீழ்த்தினார்கள். இரண்டாவது ஆட்டத்தின் புள்ளிகள் 44–16. லாரன்ஸ் போனபின் அடுத்த மூன்று பருவங்களிலும் அந்த அணி தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை.

மறுமொழி 2:
ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். லாரன்ஸுக்குப் பின் அங்கே பொறுப்பேற்ற டி.ஜே. உயங்கலெலேயும் ஐந்து நட்சத்திர வீரர்தான். பதினேழு வயதுப் பையனின் தோள்வலுவை அளந்துவிடலாம்; நான்கு பேர் பாய்ந்துவரும்போது நிதானம் இழக்காத மனத்தை அந்த வயதில் யார் அளப்பது? ஒஹையோ ஸ்டேட்டில் முதன்மைக் குவார்ட்டர்பேக் இடம் கிடைக்காத ஜோ பர்ரோ, எல்எஸ்யு என்னும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் சென்று, 2019 பருவத்தில் புள்ளி ஈட்டித் தரும் 60 டச்டவுன் வீச்சுகளுடன் ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் வென்றார். உதவித்தொகையின்றி ஜார்ஜியாவில் சேர்ந்து, இடையில் ஒரு ஜூனியர் கல்லூரிக்கும் போய்த் திரும்பிய ஸ்டெட்சன் பென்னட், 2021, 2022 என அடுத்தடுத்து இரு பட்டங்களை வென்றுகொடுத்தார். அவர்கள் முதிர்வதற்குக் காலம் வேண்டியிருந்தது.

மறுமொழி 3:
அந்தக் காலத்தைத் தருவதுதான் இப்போது கடினமாகிவிட்டது. 2018 ஜனவரியில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது முதன்மைக் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, முதலாண்டு மாணவரான டுவா டாகோவைலோவாவை இறக்கி அலபாமா வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் எஸ்இசி என்னும் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இறுதியாட்டத்தில் டுவா காயமுற, வெளியே காத்திருந்த ஹர்ட்ஸ் வந்து ஜார்ஜியாவிடமிருந்து ஆட்டத்தை மீட்டார். அந்த ஆட்டத்தை இன்றும் நெகிழ்ச்சியின்றி என்னால் நினைக்க முடிவதில்லை. 2021இல், ஓராண்டு வெளியே அமராமல் ஒருமுறை கல்லூரி மாறலாம் என்ற விதி வந்தது. அதே ஆண்டு, தம் பெயரையும் புகழையும் கொண்டு வீரர்கள் பணம் ஈட்டவும் வழி திறந்தது. இன்று ஹர்ட்ஸின் நிலையில் இருப்பவர் அந்த டிசம்பர் வரை காத்திருப்பாரா என்பது ஐயமே. ஆகவே, நல்ல பயிற்சியாளர் பள்ளியிலிருந்து ஆண்டுக்கு ஒருவரைச் சேர்த்தபடியே, கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்கள் பதிவாகும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.