உதவி: பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆர்கன் சவுண்ட் வரல, ஈ மொய்க்கிற மாதிரி இருக்கு

கீபோர்ட்_புதுசு
டீப் பர்ப்பிள் ராக் குழு 1984ல திரும்ப ஒண்ணு சேர்ந்து போட்ட ஆல்பம். தலைப்புப் பாட்டு ஆரம்பத்துல ஆர்கன் மட்டும் தனியா உறுமிக்கிட்டு வருமே, அது வேணும். கீபோர்டுல ராக் ஆர்கன் வெச்சு டிஸ்டார்ஷன் போட்டு ஆம்ப்ல விட்டா ஈ மொய்க்கிற மாதிரி ஒரே கொரகொரப்பு. கார்டு பிடிச்சா என்ன கார்டுன்னே தெரியல. கை எடுத்தாலும் ம்ம்ம்னு ஒரு சத்தம். சனிக்கிழமை வாசிக்கணும், செட்டிங் மட்டும் சொல்லுங்க ப்ளீஸ்.

நாலுதந்தி
கொஞ்சம் விவரமா சொல்லுங்க. ஆம்ப் கிட்டாருக்கானதா, கீபோர்டுக்கானதா? டிஸ்டார்ஷன் கீபோர்டுக்குள்ள இருக்கிறதா, வெளிய பெடலா? ரெண்டு அவுட்புட்ல எந்த ஜாக்ல இருந்து எடுக்கிறீங்க? இது தெரியாம செட்டிங் சொன்னா குருட்டாம்போக்குதான்.

வால்வ்பித்தன்
அவர் பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம். வால்வ் (பழைய கண்ணாடிக் குழல்) ஆம்ப் இல்லாம அந்தச் சத்தம் வராது. கிட்டாரிஸ்ட் பிளாக்மோர் பக்கத்துல 200 வாட் மார்ஷல் மேஜர் ஆம்ப் வெச்சுக்கிட்டு வாசிச்சா ஆர்கன் எப்படிக் கேக்கும்? அதனாலதான் ஆர்கன் வாசிச்ச ஜான் லார்டும் தன்னோட ஹாமண்ட் எலக்ட்ரிக் ஆர்கனை மார்ஷல் வழியா விட ஆரம்பிச்சார். மேஜர்ல நாலு கேடி88 வால்வ். அதைத் தள்ளும்போது அலையோட முனை மெல்ல மழுங்கும். டிரான்சிஸ்டர் டிஸ்டார்ஷன்ல கத்தி வெச்சு வெட்டின மாதிரி நிக்கும். அந்த வெட்டுதான் உங்களுக்கு ஈயாக் கேக்குது. வாடகைக்காவது ஒரு வால்வ் ஹெட் பாருங்க.

டிராபார்_888
இந்தக் கேள்வி இங்கே வருவது முதல் தடவை அல்ல. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். "ராக் ஆர்கன்" என்று பெயர் போட்ட பட்டனை அழுத்துவது ஹாமண்ட் வாசிப்பது ஆகாது. அந்த பேட்சுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தீர்களா? பெரும்பாலும் ஒன்பது டிராபாரும் (ஒவ்வொரு சுர அடுக்கின் அளவையும் கூட்டிக் குறைக்கும் இழுகம்பிகள்) வெளியே இழுத்திருக்கும், லெஸ்லி என்ற சுழல் ஸ்பீக்கர் எஃபெக்ட் வேகமாகச் சுற்றும், மேலே ஒரு ரிவெர்ப் வேறு. டிஸ்டார்ஷனுக்குள் இதைக் கொட்டினால் சேறுதான் வரும்.

முதல் மூன்று டிராபார் மட்டும் முழு அளவில் 8, 8, 8. மீதி ஆறும் உள்ளே. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 220 ஹெர்ட்ஸ் ஏ ஒன்றை மட்டும் அழுத்தினால் 16 அடி (பழைய குழாய் ஆர்கனின் குழாய் நீளப் பெயர்) என்ற முதல் டிராபார் 110 தரும், 5⅓ அடி என்ற இரண்டாவது டிராபார் 330 தரும், 8 அடி 220 தரும். அதாவது ஒரே விரலில் கிட்டார்காரரின் பவர் கார்டு (மூல சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும்) வந்துவிட்டது. இதற்கு மேல் முழு மேஜர் கார்டு எதற்கு? டிஸ்டார்ஷன் எந்த இரண்டு சுரத்தைக் கொடுத்தாலும் அவற்றின் வித்தியாசத்தையும் ஒரு சுரமாக உண்டாக்கும். 220க்கும் 330க்கும் வித்தியாசம் 110, அது கீழ் ஏ, காதுக்கு இதம். 220க்கு மேல் சி ஷார்ப் 277. வித்தியாசம் 57. அதற்கும் ஒரு ஆக்டேவ் கீழ் ஏ இருக்க வேண்டிய இடம் 55. இரண்டும் உரசிக்கொண்டு அடியில் கலங்கும். உங்கள் கார்டு அடையாளம் தெரியாமல் போவது இதனால்தான். இடக்கையில் மூல சுரமும் ஐந்தாம் சுரமும் போதும். மூன்றாம் சுரம் தேவைப்பட்டால் ஒரு ஆக்டேவ் மேலே வலக்கையில் தனியாக.

பர்கஷன் (சுரத் தொடக்கத்தில் வரும் தட்டல் ஒலி) ஆஃப். வெலாசிட்டியும் ஆஃப். ஹாமண்டில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான்.

ஈயப்பற்று
டிராபார் சொன்ன கணக்கு சரி. ஆனா லெவல் பத்தி இன்னும் யாரும் பேசல. கீபோர்டோட லைன் அவுட் ஒரு வோல்ட்டை ஒட்டி வரும். கிட்டார் பிக்கப் சாதாரணமா அதுல பத்துல ஒரு பங்கு. கிட்டாருக்குன்னு செஞ்ச பெடலோ ஆம்ப்போ ஆனா, நீங்க கெயினைத் தொடுறதுக்கு முன்னாடியே முதல் கட்டத்துலயே அலை நசுங்கிடும். கெயினை சுழியத்துல வெச்சாலும் அழுக்காவே இருக்கும். அது இருக்கான்னு பாருங்க.

சின்ன டப்பாவுல ரெண்டு ரெசிஸ்டர். சிக்னல் கம்பியில தொடரா 100 கிலோ ஓம், அதுக்கு அப்புறம் சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 10 கிலோ ஓம். 21 டெசிபல் குறையும். கீபோர்டு வால்யூமையே கால்வாசிக்குக் குறைச்சும் பாக்கலாம், வேலை நடக்கும். ஆனா வால்யூம் கண்ட்ரோலுக்கு அப்புறம் வர்ற இரைச்சல் குறையாது, சிக்னல் மட்டும் குறையும், டிஸ்டார்ஷன் அந்த இரைச்சலையும் சேத்துத் தூக்கும். டப்பா வெச்சா ரெண்டும் சேந்து இறங்கும். டப்பாவைப் பெடல் பக்கமா வெச்சு, அங்கேருந்து சின்ன கேபிள் போடுங்க.

கீபோர்ட்_புதுசு
ஆம்ப் கீபோர்டு ஆம்ப்தான். நடுவுல எங்க கிட்டாரிஸ்ட்டோட டிஸ்டார்ஷன் பெடல். ரைட் ஜாக்ல இருந்து எடுக்கறேன். லேப்டாப் யூஎஸ்பில கனெக்ட் ஆகி இருக்கு, அதுவும் சொல்லணுமா?

ஈயப்பற்று
அதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்! பாதி விடை அதுல இருக்கு.

ஈ எங்கேருந்து வருதுன்னா, கிட்டார் ஆம்ப்ல இருக்கிற 12 இன்ச் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் வெளிய விடாது. டிஸ்டார்ஷன் பெடல் எல்லாமே அந்த ஸ்பீக்கரை நம்பித்தான் செஞ்சிருக்காங்க. கீபோர்டு ஆம்ப்ல ட்வீட்டர், அதாவது உச்ச சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், இருக்கு. பெடல் உண்டாக்குற முள் எல்லாத்தையும் அது அப்படியே கொட்டும். ட்வீட்டருக்குத் தனி சுவிட்ச் இருந்தா அணைங்க. இல்லன்னா பெடலோட டோனையும் ஆம்ப்போட ட்ரெபிளையும் முழுசா இறக்குங்க. இதைவிட நல்ல வழி, கிட்டாரிஸ்ட்கிட்ட இன்னொரு கிட்டார் ஆம்ப் இருந்தா அதோட க்ளீன் சேனல்ல விடுறது. அப்படி விட்டா பேஸ் குமிழ் 2க்கு மேல வேண்டாம், கீழ் ரெண்டு ஆக்டேவைத் தொடாதீங்க, ஆர்கனோட 16 அடியை அந்த ஸ்பீக்கர் நெடுநேரம் தாங்காது.

ரைட் ஜாக் தப்பு. லெஃப்ட்ல மோனோன்னு எழுதியிருக்கும், அதுல மட்டும் குத்துங்க, ரைட் காலியா இருக்கணும். ரைட்ல எடுத்தா சுழல் எஃபெக்ட்டோட பாதிதான் வரும்.

ம்ம்ம்னு வர்ற சத்தத்துக்கு யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிப் பாருங்க. நின்னா எர்த் லூப், அதாவது ரெண்டு வழியா எர்த் ஆகிறதால வர்ற இரைச்சல். நிக்கலன்னா பெடலோட அடாப்டரை எடுத்துட்டு 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்க. அப்பவும் நிக்கலன்னா கீபோர்டுல ஜி அழுத்தி அந்தச் சத்தத்தோட ஒப்பிடுங்க. ரொம்பக் கீழ இருக்கிற 49 ஹெர்ட்ஸ் ஜியோட ஒத்துப்போனா எர்த் பக்கம் தேடுங்க. ஒரு ஆக்டேவ் மேல 98ஓட ஒத்துப்போனா ஏதோ பவர் சப்ளைல ஃபில்டர் கண்டன்சர் சோர்ந்திருக்கு. எர்த் லூப்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மட்டும் கடத்தி எர்த்தைப் பிரிக்கிற டப்பா) போடுங்க. பிளக்ல எர்த் பின்னை மட்டும் எடுத்துடாதீங்க, சிலர் அதைச் சொல்வாங்க, உயிருக்கு ஆபத்து.

வால்வ்பித்தன்
இவ்வளவும் செஞ்சாலும் பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். லார்ட் வெச்சிருந்தது ஹாமண்ட்ல சி3 மாடல், பி3 இல்ல. சி3யோட சத்தமே தடிமனா இருக்கும். எந்த பேட்சும் அதைப் பண்ணல.

டிராபார்_888
தவறு. இதைப் பலமுறை திருத்தியாகிவிட்டது. சி3க்கும் பி3க்கும் உள்ளே ஒரே ஜெனரேட்டர், அதே 91 டோன்வீல் (சுரம் உண்டாக்கும் பல் சக்கரங்கள்), அதே ப்ரீஆம்ப். பி3 நான்கு கால்களில் நிற்கும், சி3க்கு மூடிய மரப்பெட்டி. மரம் சுரத்தைத் தடிமனாக்காது, சத்தம் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது.

வால்வ்பித்தன்
அப்போ ஒவ்வொரு ஹாமண்டும் ஒவ்வொரு மாதிரி கேக்குதே, அது ஏன்?

டிராபார்_888
ஜெனரேட்டரின் ஃபில்டர் கண்டன்சர்கள் வயதாகி மதிப்பு மாறும். கீ கிளிக் (விசையை அழுத்தும்போது வரும் சின்ன டிக் ஒலி) தொடர்புக் கம்பிகளின் தேய்மானத்தைப் பொறுத்தது. பெட்டியின் வடிவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நாலுதந்தி
சி3, பி3 சண்டை சனிக்கிழமைக்கு உதவாதுங்க. லெஸ்லி விஷயத்துக்கு வருவோம். அந்தத் தொடக்கத்துல சுழல் வேணுமா வேண்டாமா?

வால்வ்பித்தன்
வேணும். லெஸ்லி இல்லாத ஹாமண்டா?

ஈயப்பற்று
எது முன்னாடி, எது பின்னாடிங்கிறதுதான் கேள்வி. உண்மையான லெஸ்லி 122லயும் 147லயும் 40 வாட் வால்வ் ஆம்ப் உள்ளேயே இருக்கு. சிக்னல் அதுல உடைஞ்சு, 800 ஹெர்ட்ஸ்ல பிரிஞ்சு, அப்புறம்தான் மேல் சத்தத்துக்கான கொம்பும் கீழ் சத்தத்துக்கான டிரம்மும் சுத்துது. உடைசல் முதல்ல, சுழல் கடைசியில. கீபோர்டுக்குள்ள சுழலை ஓட விட்டு வெளிய பெடல் வெச்சா வரிசை தலைகீழ். சுழல்ல சத்தம் ஏறி இறங்குறதை பெடல் நசுக்கிச் சமமாக்கிடும், சுருதி ஆட்டம் மட்டும் மிஞ்சும். தலைசுத்துற மாதிரி கேக்குறது அதுதான். தனி சுழல் பெடல் இருந்தா டிஸ்டார்ஷனுக்குப் பின்னாடி, மெதுவான வேகத்துல. இல்லன்னா முழுசா ஆஃப். நேரா மார்ஷல்ல விடுற ஹாமண்டுக்கு ஆஃப்தான் கிட்ட வரும்.

இன்னொண்ணு, எக்ஸ்ப்ரஷன் பெடல் இருந்தா கீபோர்டுல குத்துங்க. ஹாமண்ட்ல கால் பெடல் ஆம்ப்புக்கு முன்னாடி இருக்கு. அழுத்த அழுத்த சத்தத்தை விட உறுமல்தான் கூடும். அந்தத் தொடக்கத்தோட உயிரே அந்தக் கால்ல இருக்கு. குதிகால்ல ஆரம்பிச்சு கார்டு நிக்கும்போது முன்பாதத்தை மெல்ல இறக்குங்க, கார்டு கரகரத்துத் திறக்கிறது தெரியும். பெடல் கெயின் பாதிக்குக் கீழ இருந்தாத்தான் இந்த வித்தியாசம் கிடைக்கும்.

நாலுதந்தி
இசைக்குழு உள்ள வந்த பிறகு ஒரு விஷயம் கவனிங்க. அந்த ஆல்பத்தை வெர்மான்ட்ல ஸ்டோவ்ல நடமாடும் ஸ்டுடியோ வெச்சுப் பதிஞ்சாங்க, தயாரிப்புல பேஸ் வாசிச்ச ரோஜர் குளோவரோட கை இருந்துச்சு. கிட்டாரும் ஆர்கனும் சேந்து வந்தாலும் ஒண்ணை ஒண்ணு விழுங்காது. பிளாக்மோர் கிட்டார் ஸ்ட்ராட், சிங்கிள் காயில் பிக்கப், நடு பிக்கப்பைக் கீழ இறக்கி ஒதுக்கிடுவார், சத்தம் ஒடிசலாவும் கூர்மையாவும் இருக்கும். உங்க கிட்டாரிஸ்ட் ரெட்டைக் காயில் உள்ள ஹம்பக்கர் பிக்கப்புல கெயினை முழுசா ஏத்தி வெச்சிருந்தா 300லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே இடத்துல முட்டுவீங்க. அவரை கெயினைக் குறைக்கச் சொல்லுங்க.

வால்வ்பித்தன்
பிளாக்மோர் சத்தத்துல பாதி அந்த அய்வா டேப் ரெக்கார்டர். 70கள்லயே அதை ப்ரீஆம்ப் மாதிரி மார்ஷலுக்கு முன்னாடி வெச்சிருந்தார். அது இல்லாம ஸ்ட்ராட்ல அந்த நீட்சி வராது.

நாலுதந்தி
அதுக்குத் தனி இழை போடுங்க, வந்து பேசறேன்.

கீபோர்ட்_புதுசு
888, லெஃப்ட் ஜாக், சுழல் ஆஃப், ரெசிஸ்டர் டப்பா, கிட்டார் ஆம்ப். ஈ போயிடுச்சு. ம்ம்ம் சத்தம் லேப்டாப் சார்ஜர்தான். ரொம்ப நன்றி எல்லாருக்கும். கெயின் ஏத்தினா இன்னும் கொஞ்சம் அழுக்கா இருக்கு, பரவால்ல.

ஈயப்பற்று
அந்த அழுக்கும் போகணும். 100 கிலோ ஓமே கிடைச்சுதா, இல்ல 47 போட்டீங்களா? 47ன்னா 15 டெசிபல்தான் குறையும், பத்தாது. எக்ஸ்ப்ரஷன் பெடலை முழுசா அழுத்தி வெச்சு கெயின் சுழியத்துல எப்படிக் கேக்குதுன்னும் சொல்லுங்க.

டிராபார்_888
டப்பாவுக்குள் எர்த் இணைப்பு சரியாக ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஈயப்பற்று
சனிக்கிழமைக்கு முன்னாடி பதில் போடுங்க, இங்கேதான் இருப்பேன்.