'கடல் உள்வாங்கியது' என்கிறார்களே, நீங்கள் பார்த்தது என்ன?

வத்தைக்காரன் (ராமேஸ்வரம்)

போன ஆனியில் ஒரு விடியற்காலை. முந்தின நாள் மதியம் இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டுவிட்டு வந்த படகு, ஐந்தரை மணிக்குப் போய்ப் பார்த்தால் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. சுற்றிச் சேறும் கடல்புல்லும்தான், தண்ணீரைக் காணோம். எஞ்சின் விசிறி மணலில் பாதி புதைந்து, அதன் மேல் ஒரு சின்ன நண்டு ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தது. நூறு அடிக்கு மேல் தள்ளித்தான் கடல் ஆரம்பித்தது.

ஏழு மணிக்குள் கூட்டம் கூடிவிட்டது. தீர்த்தமாட வந்தவர்கள் சேற்றில் இறங்கிப் படம் எடுத்தார்கள். இரண்டு பேர் என்னிடம் "சுனாமி வருமா அண்ணே?" என்று கேட்டார்கள். நான் விசிறியைத் தோண்டிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு ஒரு தொலைக்காட்சியில் "கடல் உள்வாங்கியதால் பரபரப்பு" என்று ஓடியதாம். உடனே வெளியூரிலிருந்து மச்சான் போன் போட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வரச் சொன்னார். பத்தரைக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் வந்து படகின் வயிற்றைத் தொட்டது. பதினொன்றரைக்குப் படகு மிதந்தது. அன்றைய பாடு போனதுதான் மிச்சம்.

எனக்கு உறுத்தியது வேறு. வற்று நேரம், அதாவது தண்ணீர் இறங்கும் நேரம், தெரியாமல் நான் படகைக் கட்டவில்லை. போனில் ஏற்றமும் வற்றமும் காட்டும் செயலியைப் பார்த்துத்தான் கட்டினேன். அது காட்டிய வற்றத்துக்கு அந்த இடத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். இத்தனை வருடமும் அப்படித்தான் நின்றது. நேரம் சரியாக இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

பக்கத்துப் படகுப் பெரியவர் ஒரே வரியில் முடித்தார்: "ராத்திரி முழுக்கத் தெக்கத்திக் காத்து அடிச்சிச்சே, நீ தூங்கிட்டியா?"

அதுதான் விஷயம். செயலியோ, சர்வே ஆஃப் இந்தியா வருடாவருடம் போடும் அட்டவணையோ, அதில் இருப்பது நிலாவும் சூரியனும் இழுக்கிற கணக்கு. அடுத்த வருடத்துக்கும் இப்போதே போட்டுவிடலாம். நேற்று ராத்திரி அடித்த காற்று அதில் எப்படி இருக்கும்? எங்கள் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், ஆழமே இல்லாத கடல். கரையோரம் அகலமான தாம்பாளம் மாதிரிதான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கத்திலிருந்து ஊதிப் பாருங்கள், ஊதுகிற பக்கம் குறைந்து எதிர்ப்பக்கம் ஏறும். ஆழமான கடலென்றால் மேலே போகிற தண்ணீருக்குப் பதிலாக அடியில் வேறு தண்ணீர் திரும்பி வந்துவிடும். ஆழமில்லாத இடத்தில் அதற்கு வழி குறைவு. தெற்கே இருந்து காற்று தொடர்ந்து தள்ளினால் தீவின் வடகரையில் தண்ணீர் விலகிப் போகும். அந்த நேரம் பார்த்து வற்றமும் சேர்ந்தால், சேறு தெரியும்.

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டர் கிடையாது. அதனால் காற்று ஒரு முழம் கூட்டினாலோ குறைத்தாலோ பெரிய மாற்றமாகத் தெரியும்.

சரி, என் கதை இவ்வளவுதான். மற்ற கரைகளில் என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்.


பாசிக்காரி மகள் (மன்னார் வளைகுடாக் கரை)

அண்ணே, நீங்கள் சொன்னதன் மறுபாதி எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் தண்ணீர் நன்றாக வற்றும், அப்போதுதான் தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்க முடியும். அட்டமி வாக்கில் ஏற்றமும் இருக்காது, வற்றமும் இருக்காது, கடல் சும்மா கிடக்கும்.

அம்மாவுக்குச் செயலி எல்லாம் கிடையாது. "நாளுக்கு ரெண்டு நாழிகை தள்ளும்" என்பது பாட்டி சொல்லிக்கொடுத்த கணக்கு. இன்றைக்கு எட்டு மணிக்கு வற்று என்றால் நாளைக்கு எட்டே முக்காலைத் தாண்டும். நான் பள்ளிக்கூடத்தில் நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது என்று படித்தபோதுதான், இரண்டு நாழிகை என்றால் 48 நிமிடம் என்பது மண்டையில் உறைத்தது. இரண்டு நிமிடத்துக்காகப் பாட்டியிடம் சண்டைக்கா போவது?

ஆனால் அந்தப் பாட்டி கணக்கும் ஆனி ஆடியில் ஏமாற்றும். ஒரு நாள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வற்ற வேண்டிய நேரம் வந்தது, போனது. தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே இறங்கவே இல்லை. கலங்கல் வேறு, முங்கினால் கையே தெரியவில்லையாம். வெறும் சாக்கோடு திரும்பினார்கள். உங்கள் பக்கம் காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றால், எங்கள் கரையில் அது கொண்டுவந்து சேர்க்கிறது. உங்கள் படகு சேற்றில் படுத்திருந்த மாதிரி நாட்களில் எங்கள் அம்மாவுக்குக் கூலி இல்லை.


பாலத்தடி

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் ஒன்றாக இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று கீழே பாருங்கள். கடல் என்று சொல்ல மாட்டீர்கள், வெள்ளம் வந்த ஆறு மாதிரி ஓடும். தூண்களில் நுரை கட்டும். வாடைக் காலத்தில் வடக்கேயிருந்து தெற்கே, அந்த நீரோட்டத்துக்கு வாநீவாடு என்று பெயர். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்கேயிருந்து வடக்கே, அது சோநீவாடு. படகில் எதிர்த்து ஏறும்போது எஞ்சின் முழு மூச்சாகக் கத்தும், ஆனால் தூண் மட்டும் பக்கத்திலேயே நிற்கும். ஒரு தடவை கால் மணி நேரம் ஒரே தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை சிப்பி ஒட்டியிருந்தது என்று கேட்டால் சொல்வேன்.


குளச்சல் பக்கம்

மக்களே, உங்களுக்காவது காற்று ஒரு துப்புக் கொடுக்கிறது. எங்களுக்கு வருவது கள்ளக்கடல்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்த பிறகு எங்கள் கரையில் காற்று என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுப் பெண்கள் போனைக் கையில் எடுப்பார்கள். ஆனால் கள்ளக்கடல் அன்றைக்குக் காற்றே இருக்காது. நான் பார்த்த நாளில் தென்னை ஓலை அசையவில்லை, வெயில் பளீரென்று அடித்தது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். தெருவில் சலசலவென்று ஒரு சத்தம். வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பு திண்ணை ஓரமாக மிதந்து போகிறது. எட்டிப் பார்த்தால் முழங்கால் தண்ணீர், நுரையோடு. ஒரு நிமிடம் இல்லை, திரும்பி இழுத்துக்கொண்டு போனது. இழுத்த இழுப்பில் வலைக் குவியல் பாதி தெருவைத் தாண்டிவிட்டது. அலைக்கு அலை எண்ணிப் பார்த்தேன், பதினைந்து பதினாறு விநாடி. சாதாரண நாளில் இதில் பாதிதான் இருக்கும்.

அந்த இடைவெளியில்தான் சூட்சுமம். இந்த அலை நம் ஊர்க் காற்றில் பிறந்ததே இல்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலின் கடைசியில் எங்கோ பெரிய புயல் அடித்திருக்கும், அந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாள் கழித்து வந்து சேரும். நடுக்கடலில் படகில் இருப்பவனுக்குத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி மெதுவாகத் தூக்கி இறக்கும், பயமே வராது. கரைக்கு வந்ததும்தான் எழும்பும். சொல்லாமல் கொள்ளாமல் வருவதால் கேரளத்து மீனவர்கள் திருட்டுக்கடல் என்று வைத்த பெயர் அது. யுனெஸ்கோவே 2012இல் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இப்போது இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. அதைப் படிப்பதில்தான் நம் ஆட்கள் தவறு செய்கிறார்கள். அறிவிப்பில் அலை உயரம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று இருக்கும். "இவ்வளவுதானா?" என்று விட்டுவிடுவார்கள். உயரத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் விநாடி போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். இடைவெளி கூடினால் ஒவ்வொரு அலையும் சுமந்து வருகிற தண்ணீர் கூடும், அது கரையில் ஏறுகிற தூரமும் கூடும். அமாவாசை ஏற்றமும் சேர்ந்தால் தெருவுக்குள் வரும். 2024 மே மாதம் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களை ஒட்டித்தான், 6ஆம் தேதி எங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். வெயிலும் நீல வானமுமாக இருக்கும் கடலைப் பார்த்து யாருக்குத்தான் சந்தேகம் வரும்?


மேட்டுநிலத்தான்

நான் கடல் இல்லாத மாவட்டம். ஒரு சந்தேகம். "அலை 2.5 மீட்டர் வரை எழும்பும்" என்று வானிலைச் செய்தியில் சொல்கிறார்களே, அதற்கு மேல் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்புறம், பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஒன்றாம் எண்ணைவிட மூன்று மடங்கு ஆபத்தா?


வத்தைக்காரன்

தம்பி, முதல் கேள்விக்கு: எடுத்துக்கொள்ளவே கூடாது. நானும் அப்படி நினைத்து ஒரு தடவை அணியத்தில், படகின் முன்பக்கத்தில், நின்றவன் முழுக்க நனைந்து, சோற்றுப் பாத்திரத்தைக் கடலுக்குக் கொடுத்தவன். அந்த எண், வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. நாள் முழுக்கக் கடலில் இருந்தால் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அலை ஒன்றாவது வரும். 2.5 என்றால் நாங்கள் மனதில் ஐந்து என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது: கூண்டு எண் மடங்குக் கணக்கு இல்லை. ஒன்றும் இரண்டும் தூரக் கடலில் எங்கோ காற்றழுத்தத் தாழ்வோ புயலோ உருவாகியிருக்கிறது என்பதற்கு. மூன்று என்றால் இந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்றை எதிர்பார். அப்படியே 11 வரை போகும். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று பொருள். அதை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன ராத்திரியைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதே போதும்.


மாமல்லபுரம் கரை

அண்ணன் எழுதியதில் எனக்கு ஒரே ஒரு குறை. படித்து முடிக்கிறவர்கள், கடல் உள்வாங்கினால் காற்றுதான், கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் ஊரில் கடல் பின்னால் போனது. அதுவரை பார்க்காத கற்களெல்லாம் வெளியே தெரிந்தன. அது காற்றும் இல்லை, நிலாவும் இல்லை.

வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. வற்று என்றால் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு போகும், நின்று பார்த்தால் போவதே தெரியாது. சுனாமி என்றால் சில நிமிடத்தில் கண் முன்னால் ஓடும். ஓடுகிற கடலைக் கண்டால் சிப்பி பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஓடுங்கள், காரணத்தைப் பிறகு விசாரிக்கலாம். 2007 முதல் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது, அதனால் போனுக்குத் தகவல் வரும். ஆனாலும் போனைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டாம்.


வத்தைக்காரன்

ஒப்புக்கொள்கிறேன். அன்று அந்த இரண்டு பேரிடமும் விசிறியைத் தோண்டியபடி "ஒண்ணுமில்ல, போங்க" என்று சொன்னேன். ராத்திரியிலிருந்து மெல்ல வற்றியது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைக்கு இங்கே மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று அறிவிப்பு. விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை, நாங்களும் இறங்கவில்லை. தெக்கத்திக் காற்றுதான், மத்தியானத்திலிருந்து ஓயவில்லை. செயலி நாளைக் காலை வற்றுக்கு முழங்கால் தண்ணீர் என்கிறது. நான் படகை இன்னும் ஐம்பது அடி வெளியே கொண்டுபோய்க் கட்டிவிட்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பக்கத்துப் படகுப் பெரியவர் எனக்கு முன்னாலேயே கட்டிவிட்டுப் போயிருந்தார்.