ரூட்-டிலே=60: கர்னல் 60 நொடியும் காத்திருக்குமா?

பழையகர்னல்:
யூஎஸ்பி வட்டு தாமதமாகத் தென்படுவதால் லினக்ஸ் எழவில்லையென்றால் துவக்க வரியில், அதாவது லினக்ஸின் மையக்கருவான கர்னலுக்குத் தரும் அளவுருக்களில், ரூட்-டிலே=60 என்று சேர்க்க வேண்டும், வட்டு வந்ததும் துவக்கம் தானே தொடரும் என்று ஒருவர் இங்கே உபதேசித்திருக்கிறார். வட்டு 2 நொடியில் தயாரானாலும் கர்னல் 60 நொடியும் உறங்கிய பின்னரே ரூட்டை, அதாவது கணினியின் முதன்மைக் கோப்பு முறைமையை, ஏற்ற முனையும். உபதேசிக்கும் முன் ஆவணத்தைத் திறந்து பார்த்திருக்கலாம்.

நீலத்திரை:
அந்த ஒருவர் நான்தான். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில், ரூட்டை ஏற்றுவதற்கு முன் நினைவகத்தில் ஓடும் சிறு தற்காலிக அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் ஸ்கிரிப்ட் அந்த எண்ணை உச்சவரம்பாகவே கொள்கிறது. அது பொதுவாக 30 நொடி வரை தானே பொறுத்திருக்கும்; அதற்கு மேலும் தேவைப்படும்போதுதான் இந்த எண்ணுக்கு வேலை. ஆவணத்தைப் படிப்பவர்கள் ஸ்கிரிப்டையும் படிக்கலாம்.

பழையகர்னல்:
ஸ்கிரிப்டைப் பற்றி யார் கேட்டார்கள்? டிலேயே வட்டு வரும்வரை மட்டும் காத்திருக்குமானால், வட்டு வரும்வரை காத்திருக்க ரூட்வெயிட் என்று தனியாக ஓர் அளவுருவைக் கர்னலில் எதற்காக வைத்திருக்கிறார்கள்? 60 என்றால் 60தான்.

குறுக்குவழி:
இனிட்ராம்எஃப்எஸ் இருந்தால் ரூட்டை ஏற்றுவது அதன் பொறுப்பு, இல்லாவிட்டால் கர்னலின் பொறுப்பு. எந்த அமைப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று இருவரும் முதலில் சொல்லலாமே.

பழையகர்னல்:
இங்கே நடுவர் எவரையும் நியமித்ததாக எனக்கு நினைவில்லை.

நீலத்திரை:
ரூட் சாதனத்தின் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் வெறும் ரூட்வெயிட் முடிவின்றி நின்றுவிடும். தொலைவிலிருக்கும் சேவையகத்துக்கு அதைப் பரிந்துரைத்த பெருந்தகை யாரென்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

பழையகர்னல்:
இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத கணினியில் ரூட்டுக்குக் கோப்பு முறைமையின் அடையாள எண்ணான யூயூஐடியைக் கொடுத்துவிட்டு, கர்னலுக்கு வட்டுப் பகுதியின் அடையாள எண்ணான பார்ட்யூயூஐடிதான் புரியும் என்பதுகூடத் தெரியாமல் என் மீது பழி போட்டவர் இதைச் சொல்வது வியப்பாக இருக்கிறது.

தரவுக்கிடங்கு:
ரூட் அல்லாத வட்டுகளுக்கு ஏற்ற வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஃபெயில் என்று எழுதினால் போதும். சேவைகளைத் துவக்கும் சிஸ்டம்டி 90 நொடி காத்துவிட்டு அவசர நிலையில் போய் நிற்காது.

பழையகர்னல்:
போதுமாம்! நோஃபெயில் இட்டால் துவக்கம் அந்த வட்டுக்காக நிற்காது. வட்டு ஏறும்வரை சேவையைக் காக்க வைக்கும் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் வரியைச் சேர்க்காத தரவுத்தளச் சேவை, வட்டு ஏறுவதற்கு முன்பே வெற்று அடைவில் எழுந்து எழுதத் தொடங்கிவிடும். அது கிடக்கட்டும், 60 நொடிக்குப் பதில் வரவில்லை.

நீலத்திரை:
என் கணினி 60 நொடிக்கு வெகு முன்பே எழுந்துவிட்டது. இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

பழையகர்னல்:
இனிட்ராம்எஃப்எஸ்ஸை அகற்றிவிட்டுத் துவக்கிக் காட்டுங்கள்.

நீலத்திரை:
இருப்பதை எதற்காக அகற்ற வேண்டும்? நீங்கள் டெபியனில் துவக்கிக் காட்டுங்கள்.