மழுங்குவாளா, விளார்வாளா?

தேவகோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இருவர் எதிரெதிர் நின்று நிஜமாகவே வெட்டியும் குத்தியும் பழகுவதற்கென்று செய்த எஃகு வாளை ஐரோப்பிய வாட்பயிற்சிக்காரர்கள் ஃபெடர் என்கிறார்கள். நம் சிலம்பக் கூடங்களுக்கான குறிப்பில் இதற்கு ‘மழுங்குவாள்’ என்று போட்டிருக்கிறேன். படித்ததும் விளங்குகிறது. மாற்றுக் கருத்து உண்டா?

காரைக்குடியிலிருந்து:

தம்பி, அந்தச் சொல் வேண்டாம். அது ஆளைக் காயப்படுத்தும்.

மழுங்குவாள் என்று படிப்பவர், விளிம்பை மழுக்கினால் போதும் என்றுதான் எடுத்துக்கொள்வார். நம் ஊரில் பழம்பொருள் கடையில் ஒரு பழைய வாள் கிடைக்கும், பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் இருக்கும். அரைமணி நேரத்தில் ‘மழுங்குவாள்’ தயார். அதில் மூன்று ஆபத்து இருக்கிறது.

முதலாவது, பிடி. வடநாட்டுத் தல்வார் வகை வாள்களில் அலகின் வால்பகுதியைப் பிடிக்குள் செருகி அரக்கு வார்த்துத்தான் நிறுத்தியிருப்பார்கள். பழைய அரக்கு நொறுங்கும், சூட்டில் இளகும். ஓங்கி வீசும்போது அலகு தனியே பறக்கும்.

இரண்டாவது, தோய்ச்சல், அதாவது எஃகைக் காய்ச்சிக் குளிர்வித்து ஏற்றிய உறுதி. கிரைண்டரில் நீர் காட்டாமல் தேய்த்தால் சூட்டில் விளிம்பு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் உறுதி போய்விட்டது. அங்கே மோதினால் பல் விழும், பல் விழுந்த இடத்திலிருந்து விரிசல் ஓடும்.

மூன்றாவதுதான் பெரியது. வெட்டை விடக் குத்துதான் உயிருக்கு ஆபத்து. முனையை எவ்வளவு உருட்டினாலும் அலகு விறைப்பாக இருந்தால், வாளும் ஆளும் சேர்ந்து வரும் வேகம் முழுவதும் அந்தச் சிறு முனை வழியே எதிராளியின் விலாவிலோ தொண்டையிலோ இறங்கும். ஃபெடரின் அலகு பட்ட உடனே வளைந்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். எதிராளியைக் காப்பது அந்த வளைவு. சொல்லில் அந்தக் குணம் வர வேண்டும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு விறைப்பு அழகு. இதற்கு அதுவே குற்றம்.

கானாடுகாத்தானிலிருந்து:

அண்ணன் சொல்வது சரி. வளைவு வர வேண்டுமென்று ‘வளைவாள்’ என்றால் பிறைபோல் வளைந்த வாளைக் குறிக்கும். ‘வில்வாள்’ என்றால் வில்லும் வாளும் என்று உம்மைத்தொகையாகப் படிப்பார்கள். ‘துவள்வாள்’ எனக்குப் பிடித்தது. ஆனால் துவண்டால் நிமிராது என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறதே? சுருள்வாளோடும் குழம்பும். சுருள்வாள் முழுதும் துவளும். ஃபெடர் பிடிப்பக்கம் விறைப்பாகவும் முனைப்பக்கம் மட்டும் நெகிழ்வாகவும் இருப்பது.

காரைக்குடியிலிருந்து:

அப்படியென்றால் ‘விளார்வாள்’. புளிய விளாரை முறித்து வீசிப் பாருங்கள். அடிப்பக்கம் நிற்கும், நுனி வளையும், விட்டதும் நிமிரும். பட்டால் சுரீரென்று வலிக்கும், தடிக்கும், துளைக்காது. வாளிடம் நாம் கேட்பது இது மொத்தமும்தான். செருமானிய மொழியில் ஃபெடர் என்ற சொல்லுக்கு இறகு, சுருள்வில் என்று இரண்டு பொருள் உண்டு. ‘இறகுவாள்’ என்று பெயர்த்தால் இரண்டாவது பொருள் உதிர்ந்துபோகும்.

விளக்கத்தில் சோதனையும் வரட்டும். தரையில் எடைத்தராசை வைத்து, வாளின் முனையை அதன் மேல் ஊன்றி, நேராக அழுத்துங்கள். பெரும்பாலும் 15 கிலோவுக்குள் அலகு வளைந்துவிட வேண்டும். அதற்கு மேலும் நிமிர்ந்தே நின்றால் அது விளார்வாள் ஆகாது. விட்டபின் கோணலாகவே நின்றாலும் தள்ளிவிடுங்கள். முனை உருட்டியோ மடித்தோ இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் விளிம்பில் துணியை ஓட்டுங்கள். நூல் மாட்டும் இடத்தில் பிசிறு இருக்கிறது. அரத்தால் ராவி எடுங்கள்.

கவசக் குறிப்பில் ஒரு எச்சரிக்கை போடுங்கள். வாட்போட்டிச் சட்டையில் 350, 800 நியூட்டன் என்றும், முகமூடியின் கழுத்துத்துணியில் 1600 என்றும் இருக்கும். அவை துளைப்பைத் தடுக்கும் அளவு மட்டுமே. ஒன்றரைக் கிலோ இரும்பு விழும் அதிர்ச்சிக்கு அது பதில் இல்லை. அதற்குத் திண்டு வைத்த சட்டை, பின்மண்டைக் காப்பு, தொண்டைக்கு விறைப்பான காப்பு, விரல் ஒவ்வொன்றையும் மூடும் கனத்த கையுறை எல்லாம் வேண்டும். விரல்தான் அதிகம் அடிபடும். முகமூடி வலையைப் பெருவிரலால் அழுத்தும்போது அமுங்கினால் அதைப் போடக்கூடாது.

இடத்தையும் சொல்லிவிடுங்கள். வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வேண்டாம், வியர்வை சொட்டினால் வழுக்கும். மண்தரை நல்லது.

தேவகோட்டையிலிருந்து:

விளார்வாள் என்றே மாற்றிவிடுகிறேன் அண்ணே. வரையறை இப்படி: ‘எதிராளியுடன் முழு வேகத்தில் பழகுவதற்கான, கூரற்ற விளிம்பும் உருட்டிய முனையும் கொண்ட, குத்தும்போது வளைந்து நிமிரும் எஃகு வாள்.’ சிலம்பக் கம்புக்கும் இதே அளவுகோல் பொருந்துமா? மூங்கில் உடைந்தால் சிலாம்பு கூராகத் தெறிக்கிறது, பிரம்பு நார்நாராகப் பிரிகிறது. அப்படியானால் ஆட்டத்துக்குப் பிரம்புதான் என்று தனிப் பதிவாக எழுதட்டுமா?