வாசலை மறித்து பேட்டரி வேண்டாம்

அம்மா: குமார் புது எலக்ட்ரிக் வண்டி பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து வாசல் கதவு ஓரம், செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் சார்ஜ் போட்டிருக்கிறான். ராத்திரி முழுக்க ஏறட்டுமாம். எனக்கு மனசே சரியில்லை. பாலு, நீ கொஞ்சம் சொல்லப்பா.

குமார்: பகலெல்லாம் வண்டி என்னோடுதானே இருக்கிறது, வேறு எப்போது போடுவது? நிரம்பினால் தானாக நின்றுவிடும் அம்மா.

பாலு சித்தப்பா: நிற்கும்தான் குமார். உள்ளே பி.எம்.எஸ். என்று ஒரு போர்டு இருக்கிறது, சார்ஜ் அளவு மீறாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் சின்னச் சின்ன செல்களில் ஒன்றுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு செல் சூடேறிப் பிடித்தால் அடுத்ததையும் சூடாக்கும், அது அதற்கடுத்ததை, அப்படியே பரவும். தீயைவிடப் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும். 2022 மார்ச்சில் வேலூரில் அப்பாவும் மகளும் இறந்தார்களே, அது ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி. புகையில் மூச்சுத் திணறித்தான் போனார்கள். நீ வைத்திருப்பது வாசலில். அது பற்றிக்கொண்டால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாக வெளியே வருவாய்?

செல்வி அக்கா: சித்தப்பா சொல்வதைக் கேளுடா. போன மாதம் எங்கள் வீட்டுப் பவர் பேங்க் மெத்தை மேல் கிடந்தது, எடுத்துப் பார்த்தால் நடுவில் அப்பளம் மாதிரி உப்பி, ஓரத்து மூடி பிளந்திருந்தது, நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை வேறு. அதன் பக்கத்தில்தான் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

குமார்: சரி, பின்பக்க வராந்தாவுக்கு மாற்றுகிறேன். சித்தப்பா, இன்னொன்று. இது நண்பனுடைய சார்ஜர், முனை சரியாகப் பொருந்தியது என்று வாங்கி வந்தேன்.

பாலு சித்தப்பா: முதலில் அதைப் பிடுங்கு! முனை பொருந்தினால் போதாது. 13 செல் வரிசையாக இருக்கும் 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட்டில் நிரம்பிவிடும், 60 வோல்ட் வண்டியின் சார்ஜர் 67 வரை தள்ளும். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் போடு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவர் பிளக்கிலேயே நேராகச் சொருகு. வந்ததும் போடாதே, அரை மணி ஆறட்டும். ஏழரைக்குப் போட்டு, படுக்கப் போகும்முன் கழற்றிவிடு, பாதி ஏறியிருந்தாலும் பரவாயில்லை, காலையில் எழுந்ததும் மிச்சத்தைப் போட்டுக்கொள். கீழே சிமெண்ட் தரையாக இருக்கட்டும், பாய், அட்டைப்பெட்டி, திரைச்சீலை எதுவும் கிட்டே வேண்டாம்.

அம்மா: ஒருவேளை பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

பாலு சித்தப்பா: வண்டி பேட்டரி என்றால் அணைக்கவே போகாதீர்கள் அண்ணி. எல்லோரும் வெளியே வந்து, முடிந்தால் கதவைச் சாத்திவிட்டு, 101-க்குப் போன் செய்து லித்தியம் பேட்டரி என்று சொல்லுங்கள். அணைந்த மாதிரி இருந்தாலும் மறுபடியும் பிடிக்கும், அதனால் உள்ளே போகக்கூடாது.

குமார்: கழற்றிவிட்டேன். சார்ஜர் தொட முடியாத சூடு. பேட்டரியைக் கொல்லைப்பக்கத்துச் சிமெண்ட் தரையில் வைத்திருக்கிறேன்.

அம்மா: செல்வி, அந்த உப்பின பவர் பேங்க்கை என்ன செய்தாய்? குப்பை வண்டியில் போட்டுவிட்டாயா?

செல்வி அக்கா: இல்லை அம்மா, மொட்டை மாடியில் நிழலாக ஒரு மண் தொட்டிக்குள் கிடக்கிறது.

பாலு சித்தப்பா: குப்பையில் போடாதே, லாரியில் நசுங்கினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சார்ஜ் போடும் ஓட்டையை டேப் ஒட்டி மூடு, மணல் போட்ட தகர டப்பாவில் வை. சனிக்கிழமை வருகிறேன், மின்குப்பை எடுக்கும் இடத்தில் நானே கொடுத்துவிடுகிறேன்.